முதல் பெல்லட் அடுப்பு: ஜோகன்னஸ்பர்க் பக்கத்து வீட்டுக்கு எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பொருத்துவது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். பெனோனியில் பழைய செங்கல் வீடு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். ஹால் 35 சதுர மீட்டர், தகரக் கூரை, இரும்புச் சட்டம் போட்ட ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள். திருச்சியிலிருந்து அம்மா மே மாதம் வந்து குளிர்காலம் முழுக்க இருக்கப்போகிறார், பையனுக்கு வீசிங் உண்டு. கடையில் 12 கிலோவாட் பெல்லட் அடுப்பு ஒன்றைக் காட்டி, சுவரில் ஒரு துளை போட்டால் போதும், அரை நாளில் மாட்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா, எப்படிப் பொருத்துவது என்பது கேள்வி.

அந்த 12 கிலோவாட்டை வாங்காதீர்கள், சுவரில் துளை போட்டு அப்படியே வெளியே விடும் வேலைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெல்லட் அடுப்பு நல்ல பொருள்தான், உங்கள் வீட்டுக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால் கடைக்காரர் தொடங்கிய இடம் தலைகீழ். வீட்டின் கூரை, பெல்லட் எங்கே கிடைக்கும், கரண்ட் போனால் என்ன, புகைக்குழாய் எந்த வழியாக ஏறும், யார் வந்து சர்வீஸ் செய்வார் என்று இத்தனையும் முடிவான பிறகு கடைசியாக வாங்க வேண்டியது அடுப்பு. நான் வீடுகளில் சூடேற்றும் கருவிகள் மாட்டும் வேலையில் இருப்பவன். சரியாக ஓடாத பெல்லட் அடுப்பு என்று கூப்பிடுகிற இடங்களில் பெரும்பாலும் அடுப்பில் கோளாறு இருக்காது, அதைச் சுற்றிச் செய்த வேலையில்தான் இருக்கும்.

முதலில் இது என்ன கருவி என்று தெரிந்துகொள்ளுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த 6 மிமீ தடிமனான குச்சித் துண்டுகள்தான் பெல்லட். பின்பக்கத் தொட்டியில் 15 அல்லது 20 கிலோ கொட்டி வைத்தால், உள்ளே ஒரு மோட்டார் சுற்றும் திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எரிகிண்ணத்தில் போடும். ஒரு மின்கம்பி சூடாகித் தீ மூட்டும். ஒரு ஃபேன் புகையை இழுத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளும், அந்த இழுப்பினால்தான் எரிவதற்கான காற்று உள்ளே வரும். இன்னொரு ஃபேன் அறைக்குள் சூட்டை ஊதும். இதையெல்லாம் ஒரு எலக்ட்ரானிக் போர்டு பார்த்துக்கொள்ளும். ஆக, விறகு அடுப்பைப் போல நெருப்பை நம்பி ஓடுவதில்லை இது, கரண்டை நம்பி ஓடும் இயந்திரம். தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு இதை வாங்குகிறவர் இந்த ஒன்றை மறக்கவே கூடாது.

கூரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஜோகன்னஸ்பர்க் குளிர் ஏன் இவ்வளவு வாட்டுகிறது என்று புரிவதில்லை. ஜூன், ஜூலை இரவில் 4 டிகிரி, சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே, பகலில் 16, 17 என்று நல்ல வெயில். 2012 ஆகஸ்டிலும் 2023 ஜூலையிலும் பனிகூடப் பெய்தது. ஐரோப்பாவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கே வீடு சூட்டைப் பிடித்து வைக்கும், இங்கே பழைய வீடுகள் வைப்பதில்லை. தகரக் கூரைக்குக் கீழே வெறும் சீலிங் போர்டு மட்டும் இருந்தால் நீங்கள் வாங்கும் பெல்லட்டில் பெரும்பங்கு கூரை வழியாக வானத்துக்குப் போகும். சீலிங்குக்கு மேலே ஏறிப் பாருங்கள், ஒன்றும் விரித்திருக்கவில்லை என்றால் அடுப்புக்கு முன்னால் சூட்டைத் தடுக்கும் 135 மிமீ தடிமனான கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வூல்) விரித்துவிடுங்கள். ஒரு நாள் வேலை. கதவு, ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். இதைச் செய்தாலே வேண்டிய அடுப்பின் அளவு ஒரு படி இறங்கிவிடும்.

அளவுக் கணக்கைப் பார்க்கலாம். 35 சதுர மீட்டர் ஹால், சீலிங் உயரம் 2.6 மீட்டர் என்று வைத்தால் 91 கன மீட்டர். கூரைக்குக் கம்பளி இல்லாத பழைய வீட்டில் ஒரு கன மீட்டருக்கு 60 வாட் வரை போட்டுப் பார்க்கலாம், ஏறக்குறைய 5.5 கிலோவாட் வருகிறது. கம்பளி விரித்த பிறகு 40 வாட் போதும், 3.6 கிலோவாட். இது தோராயமான கணக்குதான், ஆனால் 12 எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வராது. பெரிதாக வாங்கிக் குறைத்து எரித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பெரிய அடுப்பின் மிகக் குறைந்த நிலையே 3.5, 4 கிலோவாட் இருக்கும். ஹால் சீக்கிரம் சூடாகி அடுப்பு தானே அணையும், குளிர்ந்ததும் மறுபடி மூட்டும். இப்படி மூட்டி அணைந்து மூட்டி அணைந்து ஓடினால் கண்ணாடி கருக்கும், குழாயில் கரி படியும், தீ மூட்டும் மின்கம்பி சீக்கிரம் தேயும். உங்களுக்கு 6 முதல் 8 கிலோவாட்டுக்குள், குறைந்த நிலை 2.5 கிலோவாட் அளவுக்கு இறங்கக்கூடிய ஒன்று சரியாக இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அதிகபட்ச எண். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது குறைந்தபட்ச எண்.

செலவைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெல்லட் எப்போதும் மலிவு என்று விற்கிறவர்கள் சொல்வது சரியில்லை. ஒரு கிலோ நல்ல பெல்லட்டில் 4.8 யூனிட் சூடு இருக்கிறது, அடுப்பு அதில் 88 சதவீதம் தருகிறது என்று வைத்தால் கைக்கு வருவது 4.2 யூனிட். அதனால் ஒரு கிலோ விலையை 4.2-ஆல் வகுத்துப் பாருங்கள், அது ஒரு யூனிட் சூட்டின் விலை. ஆயில் ஹீட்டரில் ஒரு யூனிட் சூடு என்பது உங்கள் மின்கட்டணத்தின் ஒரு யூனிட் விலையேதான். இன்வெர்ட்டர் ஏசியில் அதை 3-ஆல் வகுக்கலாம். எல்பிஜி என்றால் கிலோ விலையை 12.8-ஆல் வகுங்கள். உங்கள் மின்பில்லை எடுத்து வைத்துக்கொண்டு இந்த நான்கையும் போட்டுப் பாருங்கள். பெல்லட் ஆயில் ஹீட்டரைச் சுலபமாக ஜெயிக்கும், ஏசியிடம் பெரும்பாலும் தோற்கும். கூரையில் சோலாரும் பெரிய பேட்டரியும் ஏற்கெனவே இருந்தால் உங்களுக்கு நான் ஏசியைத்தான் சொல்வேன். இல்லை என்றால் கதை மாறுகிறது: கரண்ட் போன இரவில் ஏசியை ஓட்ட ஆயிரம் வாட் வேண்டும், பெல்லட் அடுப்பை ஓட்ட நூறு வாட்கூட வேண்டாம்.

பையனுக்கு வீசிங் என்பதால் இன்னொன்று. குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர், பாரஃபின் ஹீட்டர் இரண்டும் எரிந்த வாயுவை அறைக்குள்ளேயே விடுகின்றன, ஈரத்தையும் சேர்த்து. திறந்த ஃபயர்பிளேஸ் அழகாக இருக்கும், ஆனால் புகை கொஞ்சமாவது வீட்டுக்குள் வரும், சூட்டில் முக்கால்வாசி சிம்னியில் போய்விடும். பெல்லட் அடுப்பு ஒழுங்காகப் பொருத்தப்பட்டால் எரிந்த காற்று முழுவதும் வெளியே போகிறது. வீசிங் உள்ள வீட்டில் இதைப் பரிந்துரைக்க எனக்கு இது ஒன்றே போதும். ஆனால் "ஒழுங்காகப் பொருத்தப்பட்டால்" என்பதை நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இப்போது பெல்லட். தென்னாப்பிரிக்காவில் சாபி பக்கம், க்வாஸூலு-நட்டால் உள்பகுதி, ஈஸ்டர்ன் கேப் என்று பைன் தோட்டங்களும் மர ஆலைகளும் இருக்கிற இடங்களில் மரத்தூளுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லா ஹார்ட்வேர் கடையிலும் பெல்லட் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். குதிரைக்குப் படுக்கையாகப் போடவும், பிராய் எனும் தணல் சமையலுக்குப் புகை கொடுக்கவும் விற்கும் பெல்லட்டும் இருக்கிறது, இவை அடுப்புக்கானவை அல்ல. ஐரோப்பாவில் இஎன்பிளஸ் ஏ1 என்ற தரக்குறி உண்டு: ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. குறி இருக்கிறதோ இல்லையோ, இந்த இரண்டு எண்ணையும் விற்கிறவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் ஒரு மூட்டை மட்டும் வாங்கி வந்து வீட்டில் பாருங்கள். நல்ல பெல்லட்டின் மேல்பக்கம் மெழுகு பூசியது போல் மின்னும், இரண்டு விரலால் ஒடித்தால் டக்கென்று ஒடியும், நசுங்காது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஐந்தாறு துண்டு போடுங்கள்: அடர்த்தியானது நேரே அடிக்குப் போய்ச் சில நிமிடத்தில் ஊதிக் கரைந்து மறுபடி மரத்தூளாகும், மிதந்துகொண்டே இருந்தால் அழுத்தம் போதவில்லை. மூட்டையின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். ஒரு பிடிக்கு மேல் தூள் வந்தால் அந்தத் தூள் திருகுத் தண்டில் அடைக்கும், அப்புறம் எரிகிண்ணத்தில் கட்டி கட்டும்.

எவ்வளவு வேண்டும்? நடு நிலையில் மணிக்கு ஒரு கிலோ என்று வையுங்கள். மாலை ஐந்து முதல் பதினொன்று வரை ஆறு மணி நேரம், மே முதல் ஆகஸ்ட் வரை நூறு இரவு என்றால் 600 கிலோ, 15 கிலோ மூட்டையாக 40. அம்மா காலையிலும் கேட்பார், அதனால் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலிலேயே வாங்கி விடுங்கள், ஜூலைக் குளிரில் எல்லோரும் தேடும்போது கிடைக்காமல் போகலாம். கராஜில் சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் மரப் பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். ஈரம் ஏறிய பெல்லட் ஊதும், ஊதினால் திருகுத் தண்டு சிக்கும். இன்னொன்று, குவித்து வைத்த பெல்லட் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை விடும், அதனால் ஆள் படுக்கும் அறையிலோ காற்றே வராத மூடிய அறையிலோ அடுக்க வேண்டாம்.

கரண்ட் விஷயம். லோட்ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டில் 2023-இல் கடுமையான ஸ்டேஜ் 6 வரை பார்த்தோம், 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு லோட்ஷெட்டிங் பெரிதும் ஓய்ந்தது. ஆனாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று ஏதோ ஒரு மாலையில் கரண்ட் போகத்தான் போகிறது, அதுவும் குளிர் அதிகமான மாலையில். அப்போது புகையை இழுக்கும் ஃபேன் நின்றுவிடும். எரிகிண்ணத்தில் இருக்கிற ஒரு கைப்பிடி பெல்லட் புகைந்துகொண்டிருக்கும். குழாய் நேராக மேலே ஏறியிருந்தால் சூட்டின் இயல்பான இழுப்பிலேயே அந்தப் புகை வெளியே போய்விடும். சுவரில் துளை போட்டுக் கிடையாக விட்டிருந்தால் அது திரும்பி ஹாலுக்குள் வரும். கடைக்காரர் சொன்ன அரை நாள் வேலைக்கு நான் கூடாது என்றதன் முதல் காரணம் இதுதான். எந்த மாடலாக இருந்தாலும் குறைந்தது இரண்டு, மூன்று மீட்டராவது செங்குத்தாக ஏற வேண்டும்.

இதோடு ஒரு சின்ன இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைத்துவிடுங்கள். தீ மூட்டும்போது 300, 400 வாட் ஐந்து, பத்து நிமிடம் இழுக்கும், அதன் பிறகு 50 முதல் 100 வாட் போதும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் 1,200 வாட்-மணி கிட்ட, அதாவது 1.2 யூனிட், இருக்கிறது. மூட்டுவதற்கும் இன்வெர்ட்டர் வீணாக்குவதற்கும் கழித்தாலும் ஒரு முழு இரவு ஓடும். ஆனால் அது சுத்தமான சைன் அலை தரும் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் மலிவான யூபிஎஸ்ஸில் வரும் சதுர அலையில் இந்த ஃபேன் மோட்டார்கள் உறுமும், சூடாகும், சில நேரம் போர்டும் போய்விடும். கரண்ட் திரும்பி வரும்போது வருகிற அதிர்ச்சிக்கு சர்ஜ் ப்ரொடெக்டர் கட்டாயம். எக்காரணம் கொண்டும் பிளக்கைப் பிடுங்கி அடுப்பை அணைக்காதீர்கள், பட்டனில் அணைத்தால்தான் மிச்சத்தை எரித்து, குளிரும்வரை ஃபேனை ஓட்டிவிட்டு நிற்கும். அம்மாவுக்கு முதல் நாளே சொல்லிக் காட்ட வேண்டியது இது, ஏனென்றால் நம் வீடுகளில் எதையும் சுவிட்சை அணைத்து நிறுத்துவதுதான் பழக்கம்.

இனி உயரம். இதைப் பற்றி இங்கே விற்கிறவர்களில் ரொம்பப் பேர் பேசுவதே இல்லை. பெனோனி கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்று கடலோர டர்பனில் இருப்பதைவிட ஏறக்குறைய 18 சதவீதம் மெலிது. அடுப்பு இத்தாலியில் சமவெளிக் காற்றுக்கு அளந்து செட் செய்து வருகிறது. அதே வேகத்தில் ஃபேன் சுற்றினால் தீக்குப் போகிற ஆக்சிஜன் அந்த அளவு குறையும், பெல்லட் மட்டும் அதே அளவு விழும். விளைவு என்னவென்றால் தீ சோம்பலாக, நீளமாக, ஆரஞ்சு நிறத்தில் நாக்கு நீட்டும், நுனியில் கருப்பாகப் புகை தெரியும், ஒரு மணி நேரத்தில் கண்ணாடி மங்கும், கிண்ணத்தில் எரியாத பெல்லட் குவியும். சரியாக இருக்கிற தீ குட்டையாக, வெளிர்மஞ்சளாக, துள்ளித் துள்ளி எரியும், சின்னச் சின்னத் தணல்கள் கிண்ணத்தில் குதிக்கும். டெக்னீஷியனுக்கான மெனுவில் ஃபேன் வேகத்தையும் பெல்லட் விழும் அளவையும் மாற்றலாம். கண்ணால் பார்த்து மாற்றுவது பாதிதான், புகைக்குழாயில் கருவியை விட்டு ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் அளந்து மாற்றுவதே முறை. பொருத்த வருகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: புகை அளக்கும் கருவி உங்களிடம் இருக்கிறதா? இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

குழாயின் விட்டமும் இந்த உயரத்தோடு சேர்ந்தது. அடுப்பின் வாய் பொதுவாக 80 மிமீ. அமெரிக்க மேனுவல்களில் குழாய் நீளத்தைக் கணக்கிடும் ஒரு முறை இருக்கிறது, நானும் அதைத்தான் பார்க்கிறேன்: ஒவ்வொரு 90 டிகிரி வளைவும் T இணைப்பும் 5 அடி, கிடைக் குழாய் அடிக்கு ஒரு அடி, செங்குத்துக் குழாய் அடிக்கு அரை அடி. ஊரின் உயரம் கூடக் கூட 80 மிமீ தாங்குகிற மொத்த நீளம் குறைந்துகொண்டே வரும். உங்கள் வீட்டில் ஒரு T, ஒரு வளைவு, ஒரு மீட்டர் கிடை, நான்கு மீட்டர் செங்குத்து என்று போட்டால் 20 அடி கிட்ட வருகிறது. இந்த உயரத்துக்கு அது 80 மிமீயில் நெருக்கடி. T-யிலிருந்து மேலே 100 மிமீ போட்டுவிடுங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை.

குழாய் வேலையில் மற்றவை. அடுப்புக்குப் பின்னால் T, அதன் அடியில் திறந்து சுத்தம் செய்யும் மூடி. எல்லா இணைப்பிலும் சிலிகான் கேஸ்கெட், ஏனென்றால் ஃபேன் தள்ளுவதால் குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது, இடுக்கு இருந்தால் புகை அறைக்குள் கசியும். சாதாரண விறகு அடுப்புக்குப் போடும் ஒற்றைத் தகடுக் குழாயை ஒன்றுக்குள் ஒன்று சொருகி விடுவது இங்கே கூடாது. சுவரைத் தாண்டி வெளியே ஏறுகிற பகுதி நடுவில் கம்பளி வைத்த இரட்டைச் சுவர் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், இல்லையென்றால் ஹைவெல்ட் எனும் இந்த மேட்டுநிலத்தின் இரவுக் குளிரில் புகை குளிர்ந்து உள்ளே நீர் கோத்து, கரியோடு சேர்ந்து கீழே வழியும். கூரை வழியாக ஏற்றினால் இன்னும் நல்லது, குழாய் வீட்டுக்குள்ளேயே சூடாக இருக்கும். ஆனால் சீலிங்குக்கு மேலே உள்ள பைன் சட்டங்களுக்கும், நீங்கள் புதிதாக விரித்த கம்பளிக்கும், குழாய்க்கும் நடுவே தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி விட்டே ஆக வேண்டும். வேலை முடிந்ததும் நீங்களே டார்ச்சோடு மேலே ஏறிப் பாருங்கள், மூடிய சீலிங்குக்கு மேலே நடந்ததை யாரும் பார்ப்பதில்லை. தகரத்தில் வெட்டிய இடத்துக்கு சூடு தாங்கும் ஃப்ளாஷிங் (குழாயைச் சுற்றி நீர் புகாமல் மூடும் தகடு) போடாவிட்டால் நவம்பர் மழையில் ஒழுகும்.

எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே ஒரு தனிக் குழாயில் அடுப்புக்குக் கொண்டுவரும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள். கிச்சனில் எக்ஸ்ட்ராக்டர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், மீன் வறுக்கும்போது அதைப் போட்டால் வீட்டுக்குள் காற்றழுத்தம் குறையும், நீங்கள் இடுக்கையெல்லாம் அடைத்த பிறகு இன்னும் குறையும், அது அடுப்பின் புகையைப் பின்னோக்கி இழுக்கும். தனிக் குழாய் இருந்தால் இந்தச் சண்டையே வராது.

இடம் எது என்றால், ஹாலிலிருந்து படுக்கையறைகளுக்குப் போகும் நடையைப் பார்த்தபடி. அம்மாவின் அறைக் கதவைத் திறந்து வைத்தால் சூடு கொஞ்சம் போகும், ஆனால் இரண்டு வளைவு தாண்டி இருக்கிற அறைக்குப் போகாது, அங்கே படுக்கும் நேரத்துக்கு ஒரு சின்ன ஹீட்டர் தேவைப்படும், இதை முன்கூட்டியே சொல்வதுதான் நியாயம். படுக்கையறையில் அடுப்பை வைக்க வேண்டாம். முன்னால் ஒரு மீட்டர் வெற்றிடம், பக்கங்களில் மேனுவல் சொல்கிற அளவு, தரை மரமாகவோ கார்ப்பெட்டாகவோ இருந்தால் அடியில் எஃகுத் தகடோ டைலோ. எடை நூறு கிலோ கிட்ட வரும், நான்கு பேர் வேண்டும். கண்ணாடி தொட்டால் சுடும், பையன் சின்னவன் என்றால் முன்னால் தடுப்புக் கம்பி. ஈரப் புடவையை அடுப்பின் மேலோ பக்கத்திலோ காயப்போடக் கூடாது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள், குளிர்காலத்தில் எல்லோருக்கும் வருகிற ஆசை அது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம், விவாதமே வேண்டாம். ஒவ்வொரு குளிர்காலமும் அடைத்த அறைக்குள் இம்பாவுலாவில் (துளையிட்ட தகரக் கணப்பு) கரி மூட்டி உறங்கியவர்கள் இறந்த செய்தி இந்த நாட்டில் வருகிறது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. உங்களுடையது மூடிய அடுப்புதான், ஆபத்து மிகக் குறைவு, இருந்தாலும் இஎன் 50291 என்று போட்ட அலாரத்தை ஹாலில் அடுப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியும், அம்மா படுக்கும் அறையில் ஒன்றும் வையுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடு எஸ்டேட்டிலோ செக்‌ஷனல் டைட்டிலிலோ (பல வீடுகள் சேர்ந்த, பொது நிர்வாகம் உள்ள வளாகம்) இருந்தால் கூரைக்கு மேல் குழாய் ஏற்ற முன் அனுமதி வேண்டும். தனி வீடு என்றாலும் முனிசிபாலிட்டியில் கேட்டுவிடுங்கள், சூடேற்றும் கருவிகளுக்கும் புகைபோக்கிக்கும் சான்ஸ் 10400 என்ற கட்டடத் தரவிதியில் வி என்ற தனிப் பகுதியே இருக்கிறது. புது பிளக் பாயின்ட் போட்டால் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் சிஓசி (மின்வேலை விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) வாங்குங்கள். இன்சூரன்ஸ்காரருக்கு மின்னஞ்சலில் எழுதித் தெரிவித்து பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தியவரிடமிருந்து என்ன குழாய், எவ்வளவு இடைவெளி, புகை அளவீடு என்ன என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளும் வேண்டும்.

இப்போதுதான் அடுப்பு. பெரும்பாலானவை இத்தாலியிலிருந்து வருகின்றன, 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் நம் கரண்டுக்குச் சரி, பிளக் மட்டும் மாற்ற வேண்டும். யாராவது அமெரிக்காவிலிருந்து வந்ததை மலிவாகத் தருகிறேன் என்றால் அது 120 வோல்ட், விட்டுவிடுங்கள். எந்தப் பிராண்ட் என்று என்னிடம் கேட்காதீர்கள், தீ மூட்டும் மின்கம்பி, புகை ஃபேன், திருகுத் தண்டு மோட்டார், கதவு கேஸ்கெட், போர்டு, இந்த ஐந்தையும் நம் கௌட்டெங் மாகாணத்திலேயே கையிருப்பில் வைத்திருக்கும் பிராண்ட் எதுவோ அதுதான் உங்களுக்கு நல்ல பிராண்ட். ஆர்டர் போட்டு வரவழைக்கிறோம் என்பவர்களிடம் கவனம்: இத்தாலியில் ஆகஸ்டில் தொழிற்சாலைகள் விடுமுறைக்கு மூடிவிடும், நமக்கோ அது இன்னும் குளிர்காலம். மின்கம்பியும் கேஸ்கெட்டும் ஒவ்வொன்று கூடுதலாக முதல் நாளே வாங்கி அலமாரியில் வையுங்கள். மாடல்களுக்குள் தேர்வு என்றால், சூடூதும் ஃபேனை நிறுத்தி வைத்து ஓட்டக்கூடியதைப் பாருங்கள், அம்மா ஹாலில் உட்கார்ந்து சீரியல் பார்க்கும்போது அந்தச் சத்தம் தொந்தரவாக இருக்கும். வைஃபை, ரிமோட் எல்லாம் இருந்தால் இருக்கட்டும், அதற்காகப் பணம் கூடக் கொடுக்க வேண்டாம். கடையில் ஓடுகிற அடுப்பை நேரில் பார்க்காமல், கேட்காமல் வாங்காதீர்கள்.

முதல் முறை மூட்டும்போது பெயின்ட் வாசனை பலமாக வரும். ஜன்னலைத் திறந்து வைத்து, பையனை வேறு அறைக்கோ வெளியிலோ அனுப்பிவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுங்கள், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். தினமும் அடுப்பு ஆறியிருக்கும்போது எரிகிண்ணத்தை எடுத்துத் துளைகளில் அடைப்பு இல்லாமல் சுரண்டி விடுங்கள், ஐந்து நிமிட வேலை, ஆனால் இதை விட்டால்தான் பாதி கோளாறுகள் வரும். கிண்ணத்தைத் திரும்ப வைக்கும்போது ஆடாமல் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். வாரம் ஒரு முறை சாம்பல் தட்டைக் கொட்டுங்கள், மூடி போட்ட தகர வாளியில்தான், பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் வேண்டாம், தணல் ஒரு நாள் கழித்தும் உள்ளே உயிரோடு இருக்கும். வீட்டு வேக்யூமை வைத்து உறிஞ்சக் கூடாது, சாம்பலுக்கென்று தனி வேக்யூம் இருக்கிறது. நல்ல பெல்லட் என்றால் ஒரு சீசன் முழுக்கச் சேர்த்தாலும் மூன்று நான்கு கிலோ சாம்பல்தான் வரும், கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டத்து மண்ணில் தூவலாம். ஹைவெல்ட் குளிர்காலக் காற்று ஏற்கெனவே வறண்டது, பையனுக்காக ஹாலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிடுங்கள்.

சீசன் முடிந்ததும், செப்டம்பரில், தொட்டியில் மிச்சம் இருக்கிற பெல்லட்டைக் காலி செய்து, T, ஃபேன், குழாய் மூன்றையும் ஆளை வைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் பிளக்கைக் கழற்றி வையுங்கள், கோடை இடிமின்னலில் போர்டுகள் போவது இங்கே சாதாரணம். ஏப்ரலில் மூட்டும் முன் கூரை மேல் இருக்கும் குழாய் வாயைப் பாருங்கள், மைனா கூடு கட்டியிருக்கலாம்.

உங்கள் கால அட்டவணையைப் பார்த்தால், அம்மா மே மாதம் வருகிறார் என்பதால் இந்த மாதமே சீலிங் கம்பளியை முடியுங்கள், குழாய் வழியைப் பார்க்க இரண்டு பேரை வீட்டுக்கே வரவழைத்து எழுத்தில் விலை வாங்குங்கள், வீட்டைப் பார்க்காமல் போனில் விலை சொல்கிறவரை விட்டுவிடுங்கள். ஏப்ரல் கடைசிக்குள் அளந்து சரிசெய்து முடிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் இந்தக் குளிர்காலத்தை விரித்த கம்பளியோடும் இரண்டு ஆயில் ஹீட்டரோடும் கழித்துவிட்டு, வேலை குறைந்திருக்கிற அக்டோபரில் நிதானமாக அடுப்பை மாட்டுங்கள்.